காசுக்கு ஓடியவர், கால்பந்தும் ஆடியவர்: டக் நிக்கல்ஸ் பற்றி ஓர் இழை

#1 – பிடிமாஸ்டர்

முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவன் நான். குள்ளமாக ஒரு பையன் வந்து "சார், நானும் ஓடறேன்" என்றால் சிரிக்காமல் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர். பெயர் டக் நிக்கல்ஸ். உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.

1929-ல் விக்டோரியா மாநிலத்தில் வாரக்னபீல், நையா என்ற இரண்டு ஊர்களில் நடந்த 'கிஃப்ட்' ஓட்டங்களை இந்த மனிதர் ஜெயித்தார். அதே வருஷம் அவர் ஆடிய நார்த்கோட் கால்பந்து அணி வி.எஃப்.ஏ. (விக்டோரியக் கால்பந்துச் சங்கம்) கோப்பையைத் தூக்கியது. இவர் யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த பூர்வகுடி. பிற்காலத்தில் பாதிரியார், 'சர்' பட்டம், தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர் என்று வாழ்க்கை எங்கெங்கோ போனது.

எனக்கு ஒரு குறை. எங்கே படித்தாலும் பட்டத்தையும் ஆளுநர் மாளிகையையும் பக்கம் பக்கமாகச் சொல்கிறார்கள். ஓட்டத்துக்கு இரண்டே வரி. அந்த இரண்டு வரியை இங்கே கொஞ்சம் விரித்துப் பேசலாமா?

#2 – சுண்டெலி

மாஸ்டர், முதல்ல ரெண்டு சந்தேகம். ஆஸ்திரேலியன் கால்பந்துன்னா ரக்பிதானே? 'கிஃப்ட்'னா என்ன, பரிசுப் பொட்டலமா?

#3 – யாராவாசி

நான் மெல்பர்னில இருக்கிறன். முதல் சந்தேகத்துக்கு நான் பதில் சொல்லுறன்.

ரக்பி இல்லை. பந்து முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். ஒரு பக்கம் 18 பேர். பந்தைக் கையால எறியக் கூடாது, ஒரு கையில வச்சு மற்றக் கை முட்டியால குத்தித்தான் குடுக்க வேணும், இல்லாட்டி உதைக்க வேணும். ஒராள் உதைச்ச பந்தை நிலத்தில படமுதல் பிடிச்சால் அதுக்குப் பேர் 'மார்க்'. பிடிச்சவரைக் கொஞ்ச நேரம் ஒருத்தரும் தொடேலாது. ஆள் மேல ஆள் ஏறிப் பந்து பிடிக்கிறதைப் பாத்திருப்பீங்கள், அது இதுதான்.

உயரமான ஆக்களுக்கான விளையாட்டு எண்டு நினைப்பீங்கள். ஆனா மைதானத்தின்ர ரெண்டு நீளப் பக்கத்திலயும் 'விங்' எண்டு ஒரு இடம் இருக்கு. அங்க திறந்த வெளி கூட. பந்தை எடுத்துக்கொண்டு பறக்கிறவனுக்குத்தான் அங்க வேலை. நிக்கல்ஸ் ஆடினது அங்கதான்.

#4 – பிடிமாஸ்டர்

நன்றி யாராவாசி. இரண்டாவது சந்தேகம் என் துறை.

'கிஃப்ட்' என்பது ஊர்ப் பெயரோடு சேர்ந்து வரும் தொழில்முறை ஓட்டப் பந்தயம். ஜெயித்தால் பணம். எல்லாவற்றுக்கும் தாய் ஸ்டால் கிஃப்ட். (எழுத்துக்கூட்டினால் 'ஸ்டாவெல்' என்று வரும், ஊர்க்காரர்கள் 'ஸ்டால்' என்றுதான் சொல்கிறார்கள். டீ ஸ்டால் இல்லை.) தங்கம் தோண்டப் போன கூட்டம் உருவாக்கிய ஊர் அது. 1878-ல் ஈஸ்டர் விடுமுறையில் தொடங்கிய பந்தயம் இன்றும் ஈஸ்டருக்குத்தான் நடக்கிறது. இப்போது 120 மீட்டர், முன்பு 130 கஜம். செயற்கைத் தளம் கிடையாது, புல்தரை. லேசான ஏற்றம் வேறு. தடங்களுக்கு நடுவே சுண்ணாம்புக் கோடு இருக்காது, கயிறு கட்டியிருப்பார்கள்.

சுவாரஸ்யமே ஹேண்டிகேப்பில்தான். குதிரைப் பந்தயத்தில் நல்ல குதிரைக்குப் பாரம் ஏற்றுவார்களே, இங்கே பாரத்துக்குப் பதில் தூரம். இருப்பதிலேயே வேகமானவர் முழுத் தூரமும் ஓட வேண்டும். மற்றவர்கள் அவரவர் வேகத்தைப் பொறுத்துச் சில கஜம் முன்னால் நின்று கிளம்புவார்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை கஜம் என்று கணக்குப் போட ஒரு ஆள் இருக்கிறார். அவர் கணக்குச் சரியாக இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் நாடாவைத் தொட வேண்டும். அந்தக் கணக்கை ஏமாற்றுவது எப்படி என்று மற்ற எல்லோரும் வருஷம் முழுக்க யோசிக்கிறார்கள்.

முழுத் தூரம் ஓடி ஸ்டாலில் ஜெயிப்பது எவ்வளவு அபூர்வம் என்றால், முதல் ஆள் வருவதற்கு 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் மடகாஸ்கர்காரர், ழான் லூயி ரவேலோமனன்ட்சோவா. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதிப் போட்டி வரை போனவர்.

#5 – கோடையிடி

அதாவது நல்லா ஓடுறவன் மெதுவா ஓடி நடிச்சு, முன்னாடி நிக்கிற இடம் வாங்கி, ஒரு நாள் மட்டும் உண்மையா ஓடுவான். கூட வந்தவன் புக்கிகிட்ட காசு கட்டுவான். இதை விளையாட்டுன்னு சொல்றீங்க.

#6 – பிடிமாஸ்டர்

நடந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஓட்டக்காரர்களைப் பழக்கும் குழுவுக்கே அங்கே 'லாயம்' என்றுதான் பெயர். நடுவர்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். போன பந்தயத்தைவிட இந்தப் பந்தயத்தில் ரொம்ப வேகம் காட்டினால் விசாரணை, அபராதம் எல்லாம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து 'அமெச்சூர்' ஓட்டம் பரிசுத்தம் என்று நினைத்தால் அது வேறு மாதிரி அழுக்கு. 1903-ல் குயின்ஸ்லாந்து அமெச்சூர் தடகளச் சங்கம் பூர்வகுடிகளை மொத்தமாக ஒதுக்கப் பார்த்தது. முதலில் அவர்களுக்கு ஒழுக்கம் போதாது என்றார்கள். பிறகு புத்தி போதாது என்றார்கள். அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்களின் கெட்ட பழக்கங்களை எதிர்த்து நிற்க மாட்டார்கள் என்றார்கள். தேசியச் சங்கம் எதையும் ஏற்கவில்லை. கடைசியில் குயின்ஸ்லாந்துக்காரர்கள், பூர்வகுடிகள் எல்லோரையும் தொழில்முறை ஓட்டக்காரர்கள் என்று அறிவித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அமெச்சூர் முத்திரை போனால் ஒலிம்பிக்கும் போச்சு.

ஆக, காசுக்கு ஓடுவது சிலருக்கு விருப்பம். சிலருக்கு விட்டுவைத்த ஒரே வாசல்.

#7 – நூல்கண்டு

அந்த வாசல் வழியாக வந்த ஒரு வரிசையே இருக்கிறது. 1883-ல் ஸ்டால் கிஃப்டை ஜெயித்த பாபி கின்னியர்தான் அங்கே ஜெயித்த முதல் பூர்வகுடி. 1910-ல் டாம் டான்ஸி. 1928-ல் லின்ச் கூப்பர். இந்த லின்ச் 1929-ல் தொழில்முறை ஓட்டத்தின் உலகப் பட்டத்தையும் எடுத்தார்.

லின்ச் பெயரை மனதில் வையுங்கள். அவர் அப்பா வில்லியம் கூப்பர். நிக்கல்ஸும் கூப்பர் குடும்பமும் கம்மராகஞ்சா மண்ணோடு பிணைந்தவர்கள். மர்ரே ஆற்றங்கரையில், நியூ சவுத் வேல்ஸ் பக்கம் இருந்த அரசுக் குடியிருப்பு அது. ஆற்றைத் தாண்டினால் விக்டோரியா. ஒரே சின்ன இடத்திலிருந்து அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் ஸ்டால், உலகப் பட்டம், வாரக்னபீல், நையா. எந்த அகாடமியும் கிடையாது.

#8 – சுண்டெலி

அடேங்கப்பா. அப்ப நிக்கல்ஸ் பின்னணி என்ன? சின்ன வயசுலேர்ந்து ஓடினாரா?

#9 – நூல்கண்டு

பிறந்தது 9 டிசம்பர் 1906. அப்பா ஹெர்பர்ட், அம்மா ஃப்ளோரன்ஸ். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி.

எட்டு வயதில் ஒரு காட்சியைப் பார்த்தார். போலீஸ் வந்து அவருடைய 16 வயது அக்கா ஹில்டாவை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனது. கூட்டமண்ட்ரா என்ற ஊரில் பூர்வகுடிப் பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்காரிகளாகப் பழக்கும் விடுதி இருந்தது. அங்கே. அம்மாவின் கையிலிருந்து பிள்ளையைப் பிரிப்பதற்குச் சட்டத்தில் இடம் இருந்த காலம்.

பதின்ம வயதில் செம்மறிப் பண்ணைக்கு வேலைக்குப் போனார். 'தார்ப் பையன்' என்று ஒரு வேலை. ரோமம் கத்தரிக்கும்போது ஆட்டுத் தோலில் வெட்டுப்பட்டால் ஓடிவந்து காயத்தில் தார் தடவ வேண்டும். கத்தரிக்கிறவர் கத்திக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓட்டம்தான். அவர் ஓட்டப் பயிற்சி இங்கேதான் தொடங்கியது என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது, நிரூபிக்கவும் முடியாது :)

#10 – பாரிஸ்கார்னர்

இடையில் ஒரு செய்தி. கம்மராகஞ்சா பள்ளிக்கூடத்தில் நிக்கல்ஸுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். மொரீஷியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர்! வில்லியம் கூப்பரின் தங்கை ஏடாவைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த மக்களோடு மக்களாக வாழ்ந்தவர். மொரீஷியஸ் இந்தியர் என்றால் நம்ம ஆளாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல வேண்டுமா? தமிழன் இல்லாத இடமே...

#11 – நெறியாளர்

பாரிஸ்கார்னர், அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். மொரீஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளி ஆசிரியர் என்பதே அழகான செய்திதான். அதில் கொடி நட வேண்டாம். போன மாதம் நட்ட கொடியில் இழை 200 பதிவுக்குப் போய்ப் பூட்ட வேண்டிவந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

#12 – நூல்கண்டு

கொடியை விடுங்கள், அந்த வாத்தியார் பெரிய ஆள். அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பியவர்களில் மனு எழுதத் தெரிந்தவர்களும் மேடையில் பேசத் தெரிந்தவர்களும் அத்தனை பேர். பின்னால் ஆஸ்திரேலியப் பூர்வகுடி உரிமைப் போராட்டத்தில் வரும் பெயர்களில் பாதி அங்கிருந்து வந்தவையோ என்று தோன்றும். பிடிமாஸ்டர் சந்தோஷப்படட்டும்.

#13 – பிடிமாஸ்டர்

சந்தோஷம்தான். கதைக்கு வருவோம். டொங்காலா என்ற ஊர் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர் மெல்பர்னுக்கு வந்து 1927-ல் கார்ல்டன் கிளப்பில் வாய்ப்புக் கேட்டார். கார்ல்டன் அன்றைக்கும் பெரிய வீடு. அங்கே உடம்பு பிடித்துவிடுகிறவர் இவரைத் தொட மறுத்தார். இவர் உடம்பில் வாடை வருகிறது என்று கூட ஆடுகிறவர்களிடமிருந்து புகார். கிளம்பிவிட்டார்.

நேராக நார்த்கோட். அது வி.எஃப்.ஏ. என்ற இரண்டாவது வரிசைப் போட்டியில் இருந்த அணி. (1897-ல் பெரிய கிளப்புகள் பிரிந்து போய் வி.எஃப்.எல். என்ற முதல் வரிசைப் போட்டியைத் தொடங்கின. மிச்சம் இருந்தது வி.எஃப்.ஏ.) நார்த்கோட்டில் ஐந்து பருவம் ஆடினார். அதில்தான் 1929.

இப்போது நான் இழை தொடங்கிய காரணத்தைச் சொல்கிறேன். ஓட்டத்தில் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கயிற்றுத் தடமும் ஒரு துப்பாக்கிச் சத்தமும். தடத்தில் அவரோடு வேறு யாரும் இல்லை. யாரும் அவரைத் தொட வேண்டியதும் இல்லை. கால்பந்தில் அப்படி இல்லை. ஒரே அறையில் உடை மாற்ற வேண்டும், ஒரே மேஜையில் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும், ஒரே குழாயில் குளிக்க வேண்டும். நிறவெறி மைதானத்தில் பிடித்துத் தள்ளியதைவிட அந்த உடை மாற்றும் அறையில்தான் அதிகம் தள்ளியது. ஓட்டப் பாதை அவருக்கு அந்த அறையிலிருந்து விடுதலை என்று நான் நினைக்கிறேன்.

#14 – கோடையிடி

மாஸ்டர், கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சொல்றீங்க. ஆனா ஓட்டப் பாதையில மட்டும் சமத்துவம் இருந்துச்சா? எத்தனை கஜம் முன்னாடி நிக்கணும்னு முடிவு பண்றவர் யாரு? பந்தயம் நடத்துற கமிட்டி யாரு? புக்கி யாரு? எல்லாம் ஒரே ஆளுங்க. கறுப்பு ஓட்டக்காரன் ஓடினா கூட்டம் வரும், அதான் கூப்பிட்டாங்க. பத்திரிகைகள் அவருக்கு வச்ச பட்டப்பேரை இங்க எழுதக்கூட முடியாது. அது விடுதலையா, வேடிக்கையா?

#15 – பிடிமாஸ்டர்

இரண்டும்தான். 1929 வெற்றிகளுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள். ஜெயித்தால் மட்டும் காசு என்பது போய், வந்து ஓடினாலே காசு என்று ஆனது. வந்து நிற்பதற்கே பணம், தங்குமிடம், சாப்பாடு, வழிச்செலவு. நீங்கள் சொல்கிற மாதிரி கூட்டம் சேர்க்கத்தான். ஆனால் பொருளாதார மந்தம் உலகத்தையே விழுங்கத் தொடங்கிய நேரத்தில், அரசுக் குடியிருப்பில் ரேஷன் மாவுக்கு மேலாளர் கையைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, "உங்கள் கால்களுக்கு இவ்வளவு விலை தருகிறோம், வருவீர்களா" என்று கேட்டு ஆள் வந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

#16 – யாராவாசி

காசு எண்டதும் ஞாபகம் வருது. 1930-ல வி.எஃப்.எல். 'கோல்ட்டர் சட்டம்' எண்டு ஒண்டு கொண்டுவந்தது. ஒரு ஆட்டத்துக்கு 3 பவுணுக்கு மேல வீரருக்குக் குடுக்கக் கூடாது. நட்சத்திரமா இருந்தாலும் அவ்வளவுதான். அதால கிளப்புகள் காசுக்குப் பதிலா வேலை எடுத்துக் குடுக்கும். கன வீரருக்குக் கால்பந்து எண்டது சனிக்கிழமை வருமானம் மட்டும். மிச்ச நாளுக்கு ஓட்டம், குத்துச்சண்டை, கூலி வேலை.

நிக்கல்ஸ் 1931-ல ஜிம்மி ஷார்மனின்ர குத்துச்சண்டைக் கூடாரத்திலயும் சேர்ந்தவர். ஊர் ஊராப் போய்க் கூடாரம் அடிச்சு, வாசலில மேளம் தட்டி, "எங்கட ஆளோட மோத ஆர் வாறீங்கள்" எண்டு சனத்தைக் கூப்பிடுற கூட்டம். இந்த உயரத்தோட. யோசிச்சுப் பாருங்கோ.

#17 – சுண்டெலி

ஓட்டம், கால்பந்து, குத்துச்சண்டை, பிறகு பாதிரியார். நம்ம ஊர்ல இருந்திருந்தா மிச்சம் இருக்கிற சிலம்பத்தையும் கத்துக்கிட்டிருப்பார்.

இந்த மாதிரி ஓட்டமும் கால்பந்தும் ரெண்டும் பண்ணினவங்க வேற யாராவது உண்டா?

#18 – நூல்கண்டு

உண்டு. ஆஸ்டின் ராபர்ட்சன். சவுத் மெல்பர்ன் அணியில் ஆடியவர், 1930-களில் தொழில்முறை ஓட்டத்தின் உலகச் சாம்பியன். கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு துணுக்கு: அவர் மகன் பெயரும் ஆஸ்டின் ராபர்ட்சன்தான். மகன் மேற்கு ஆஸ்திரேலியாவின் சுபியாகோ அணியில் கோல் மழை பொழிந்தவர். பிறகு 1977-ல் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் தனிப் போட்டி தொடங்கி உலகக் கிரிக்கெட்டையே கலக்கினாரே, அதில் வீரர்களை ரகசியமாக ஒப்பந்தம் செய்ய அலைந்தவர்களில் ஒருவர்.

கால்பந்துக்காரர்கள் ஓடப் போவது அங்கே சகஜம். ஓட்டம் கோடையில், கால்பந்து குளிர்காலத்தில். நாட்காட்டி மோதாது.

#19 – பிடிமாஸ்டர்

ஃபிட்ஸ்ராய்க்கு வருவோம். 1932-ல் நிக்கல்ஸ் வி.எஃப்.எல்.லுக்கே போய்விட்டார், ஃபிட்ஸ்ராய் கிளப்பில். முதல் நாள் உடை மாற்றும் அறையில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கார்ல்டன் அனுபவம் மனதில் இருக்குமே. அப்போது ஹேடன் பன்டன் எழுந்து வந்து, தன் பையை இவர் பக்கத்தில் வைத்து, அங்கேயே உடை மாற்றினார்.

பன்டன் யார் என்று தெரிந்தால்தான் இதன் எடை தெரியும். அந்த விளையாட்டின் மிகப் பெரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை 1931, 1932, 1935 என்று மூன்று தடவை வாங்கியவர். கிளப்பின் ராஜா. ராஜா எந்தப் பெஞ்சில் உட்காருகிறாரோ அதுதான் நல்ல பெஞ்சு. பேச்சு இல்லை, தீர்மானம் இல்லை, ஒரு பை இடம் மாறியது. அவ்வளவுதான் நடந்தது.

ஃபிட்ஸ்ராய்க்கு 1937 வரை 54 ஆட்டம். 1934-ல் கிளப்பின் சிறந்த வீரர் தேர்வில் மூன்றாம் இடம். 1935-ல் விக்டோரியா மாநில அணிக்குத் தேர்வானார், அந்த அணியில் இடம் பிடித்த முதல் பூர்வகுடி.

#20 – கோடையிடி

பன்டன் கதையில எனக்கு ஒரு உறுத்தல். எப்பவும் ஒரு நல்ல வெள்ளைக்காரர் வந்து கையைக் குடுக்கிற மாதிரி முடியுது. நிக்கல்ஸ் என்ன செஞ்சார்ங்கிறது பின்னாடி போயிடுது.

#21 – பிடிமாஸ்டர்

ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும், நான் உட்பட, பன்டனில் நிறுத்திவிடுகிறோம். ஆனால் கோடையிடி, அந்த மூலையில் போய் உட்கார ஒரு துணிச்சல் வேண்டுமே. கார்ல்டனில் பட்ட பிறகு, ஐந்து வருஷம் கழித்து, அதே மாதிரி இன்னொரு அறைக்குள் நுழைந்தார் இல்லையா. அதை அவருக்கு யாரும் செய்து கொடுக்கவில்லை.

#22 – நூல்கண்டு

ஓடிக்கொண்டே இருந்தவர் எங்கே திரும்பினார் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா இறந்த பிறகு தேவாலயத்தில் நாட்டம் வந்தது, 1932-ல் நார்த்கோட்டில் ஞானஸ்நானம். அதே சமயத்தில் லின்ச்சின் அப்பா வில்லியம் கூப்பர் மெல்பர்னில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார். வயதானவர், கையில் காசு இல்லை. 1,814 கையெழுத்து வாங்கி, நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று அரசருக்கு மனு எழுதினார். ஆஸ்திரேலிய அரசு அதை அரசருக்கு அனுப்பவே இல்லை.

நிக்கல்ஸ் அந்த இயக்கத்துக்குள் வந்தார். 26 ஜனவரி 1938, வெள்ளையர் குடியேறி 150 வருஷம் என்று சிட்னியில் ஊர்வலமும் கொண்டாட்டமும். அதே நாளில் அதே நகரத்தில் பூர்வகுடிகள் 'துக்க நாள்' என்று கூட்டம் போட்டார்கள். நிக்கல்ஸ் அதில் கலந்துகொண்டார். ஒரு கால்பந்து நட்சத்திரம் வந்தால் பத்திரிகைக்காரன் எட்டிப் பார்ப்பான். கூப்பருக்கு அது தெரியும்.

அடுத்த வருஷம், பிப்ரவரி 1939-ல் கம்மராகஞ்சாவில் சுமார் 200 பேர் மேலாளரின் கொடுமை தாங்காமல் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து விக்டோரியா கரைக்குப் போய்விட்டார்கள். சொந்த ஊர் காலியானது. அதே 1939-ல்தான் முட்டிக் காயம் நிக்கல்ஸின் ஆட்டத்தை முடித்துவைத்தது.

#23 – பிடிமாஸ்டர்

முட்டி. எங்கள் துறையில் அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். வெட்டித் திரும்பி ஓடுகிறவனுக்கு முதலில் போவது அதுதான். விங்கில் எட்டுப் பத்துப் பருவம், கோடையில் புல்தரையில் ஓட்டம், நடுவில் கூடாரத்தில் குத்துச்சண்டை. ஓய்வு என்று அந்த முட்டிகளுக்கு ஒரு மாதம் கிடைத்திருக்குமா? 1947-ல் பயிற்சியாளராக நார்த்கோட்டுக்குத் திரும்பி வந்தார், ஆடுவதற்கு இல்லை.

#24 – யாராவாசி

யுத்த காலக் கதை ஒண்டு இருக்கு. ஆளை ராணுவத்துக்கு எடுத்திட்டாங்கள். 1942-ல ஃபிட்ஸ்ராய் போலீஸே கேட்டு ஆளை விடுவிச்சு எடுத்தது. ஏனெண்டால் அந்தப் பகுதியில வேலை தேடி வந்து நெருக்கியடிச்சு இருந்த பூர்வகுடிச் சனத்துக்கு நடுவில வேலை செய்ய இவரை விட்டால் ஆள் இல்லை. அக்காவை இழுத்துக்கொண்டு போனதும் போலீஸ், தம்பியைத் திருப்பிக் கேட்டதும் போலீஸ்.

1943-ல அங்க கோர் தெருவில சபை தொடங்கினவர். அதே காலத்திலதான் கிளாடிஸைக் கல்யாணம் செய்தவர். கிளாடிஸ் அவற்ற அண்ணர் ஹவர்டின்ர மனுசி, ஹவர்ட் விபத்தில செத்துப்போனார். அண்ணரின்ர பிள்ளையளையும் சேர்த்து வளர்த்தவை. கிளாடிஸும் பொதுவேலையில சரிசமனா நிண்டவா. மெல்பர்ன் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்துப் பூங்காவில சிலை வச்சிருக்கினம், ரெண்டு பேருக்கும் சேர்த்து. 2007-ல திறந்தது.

#25 – கோடையிடி

சரி, இப்ப என் பெரிய கேள்வி. 1957-ல எம்.பி.இ., 1968-ல ஓ.பி.இ.ன்னு பிரிட்டிஷ் அரச விருதுகள், 1972-ல 'சர்', 1976-ல ஆளுநர். பூர்வகுடி ஒருத்தர் சர் பட்டம் வாங்கினதும் ஆளுநர் ஆனதும் அதான் முதல் தடவை, சரி. ஆனா யார் நிலத்தைப் பிடுங்கினாங்களோ அவங்க ராணியோட பிரதிநிதியா உக்கார்றது என்ன சாதனை? பியானோல கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையும் சேர்ந்தாதான் இசைன்னு பிரசங்கம் பண்ணுவார். அறுபதுகளோட கடைசியில வந்த இளைஞர்களுக்கு அது சப்புன்னு இருந்துச்சு. அவங்க கேட்டது இசை இல்ல, நிலம்.

#26 – நூல்கண்டு

பியானோ உவமை அவருக்கு முன்பே கானாவைச் சேர்ந்த கல்வியாளர் அக்ரே சொன்னது, அது கிடக்கட்டும். கேள்வி நியாயமானது. மென்மையானவர் என்ற விமர்சனம் அவர் காலத்திலேயே இருந்தது.

ஆனால் நிலம் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். லேக் டயர்ஸ் என்ற குடியிருப்பை மூடி மக்களைச் சிதறடிக்க விக்டோரியா அரசு நினைத்தது. 1963-ல் மெல்பர்ன் தெருக்களில் அதற்கு எதிராக நடந்த ஊர்வலத்தில் முன்னால் நடந்தவர்களில் இவரும் ஒருவர். 1970-ல் சட்டம் போட்டு லேக் டயர்ஸையும் ஃப்ராம்லிங்ஹாம் என்ற இன்னொரு குடியிருப்பையும் அங்கே குடியிருந்தவர்கள் கையிலேயே கொடுத்தார்கள். அதற்கு முன்பு 1957-ல் வார்பர்ட்டன் மலைப் பகுதிக்குப் போய், அங்கே மக்கள் பட்டினி கிடந்த நிலையைப் படம் பிடித்து வந்து காட்டினார்கள். அந்தப் பயணத்திலும் நிக்கல்ஸ் இருந்தார். பார்த்தவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஆளுநர் பதவியும் ஐந்து மாதம்தான். 1 டிசம்பர் 1976-ல் ஏற்றார், பக்கவாதம் வந்து 30 ஏப்ரல் 1977-ல் விலகினார். மாளிகையில் என்ன செய்திருப்பார் என்று நாம் சண்டை போடக்கூட அவகாசம் இல்லை.

#27 – கோடையிடி

லேக் டயர்ஸ் எனக்குத் தெரியாது. அந்த அளவுக்கு வாபஸ். பட்டத்தைப் பத்தி வாபஸ் இல்ல.

#28 – பாரிஸ்கார்னர்

கொடி நடாமல் ஒன்று சொல்லலாமா, நெறியாளரே? எனக்குப் பட்டத்தைவிட அந்தக் கணக்குப் போடுகிறவர்தான் மனதில் நிற்கிறார். மைதானத்தில் யார் எத்தனை கஜம் முன்னால் நிற்க வேண்டும் என்று இஞ்ச் பிசகாமல் அளந்து கொடுத்த அதே ஊர், வெளியே அந்த ஆளை எத்தனை கஜம் பின்னால் நிறுத்தியிருக்கிறோம் என்று அளந்தே பார்க்கவில்லை.

#29 – நெறியாளர்

அனுமதிக்கப்பட்டது.

#30 – யாராவாசி

4 ஜூன் 1988-ல காலமானவர். அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு, ஆனா புதைச்சது கம்மராகஞ்சாவில. 2016-ல இருந்து ஏ.எஃப்.எல்.லில (பழைய வி.எஃப்.எல்.லின்ர இண்டைய பேர்) பூர்வகுடிகளைக் கொண்டாடுற சுற்றுக்கு 'சர் டக் நிக்கல்ஸ் சுற்று' எண்டு பேர். எல்லாக் கிளப்பும் பூர்வகுடி ஓவியம் போட்ட ஜெர்சியோட இறங்கும். கார்ல்டனும்தான்.

எண்டாலும் எல்லாம் சரியாப் போச்சு எண்டு நினைச்சிடாதேங்கோ. 1993-ல பூர்வகுடி வீரர் நிக்கி வின்மர், இனவெறியோட கத்தின சனத்துக்கு முன்னால, சட்டையைத் தூக்கித் தன்ர தோலைத் தொட்டுக் காட்டினது, 2015 வரைக்கும் இன்னொரு பூர்வகுடி வீரர் ஆடம் குட்ஸ் பந்தைத் தொடும்போதெல்லாம் சனம் ஊளையிட்டது, ரெண்டும் இதே விளையாட்டுத்தான்.

#31 – சுண்டெலி

அண்ணா, அடுத்த ஏப்ரல் நான் மெல்பர்ன்ல இருப்பேன், ஆபீஸ் வேலை. ஸ்டால் கிஃப்ட் பார்க்கலாமா? எவ்ளோ தூரம்?

#32 – யாராவாசி

200 கிலோமீட்டருக்கு மேல. காரில மூண்டு மணித்தியாலம் பிடியுங்கோ. ஈஸ்டர் சனிக்கிழமை முதல் சுற்றுகள், அரையிறுதியும் இறுதியும் திங்கள். பெண்களுக்கும் இப்ப அதே பரிசுத் தொகை. தொப்பி கொண்டு வாங்கோ.

#33 – சுண்டெலி

பன்னிரண்டு விநாடி ஓட்டத்துக்கு ஆறு மணி நேரம் காரான்னு வீட்ல கேக்கறாங்க.

#34 – பிடிமாஸ்டர்

சனிக்கிழமையே போங்கள். முதல் சுற்றில் யார் கடைசிப் பத்து மீட்டரில் காலைக் கொஞ்சம் தளர்த்துகிறார் என்று கவனித்துக் குறித்து வையுங்கள். திங்கட்கிழமை அந்த ஆளைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். பணம் மட்டும் கட்டாதீர்கள்.